சப்பென்ற மீனுக்கு ருசி வருவது எப்படி?



ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் மீன் வாங்கியிருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஆவலோடு உட்காருகிறார்கள். ஒரு வாய் வைத்ததும், "சே... சப்பென்று இருக்கே!" என்று முகம் சுளிக்கிறான் தம்பி. மேலே ஒட்டியிருக்கும் மசாலாவை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு, மீனைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறான். கடைசியில் அது பூனைக்குப் போகிறது.

பூனைக்குக் கொண்டாட்டம்தான். ஆனால், அந்த மீனைப் பிடிக்க ஒருவர் விடியும் முன்பே கடலுக்குப் போயிருக்கிறார். ஒருவர் கூடையில் சுமந்து வந்திருக்கிறார். வீட்டில் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக இந்த ஏற்பாடு. அந்த நாட்களில் மீன் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அப்படி வாங்கிய மீன் வீணாகலாமா?

வளரும் பிள்ளைகளுக்குப் புரதச் சத்து மிகவும் தேவை. அது மீனில் நிறைய உண்டு. எனவே, மீனைக் குறை சொல்லாமல் அதற்கு ருசி கூட்டுவது எப்படி என்று பார்ப்போம். இதில் சமையலும் இருக்கிறது, அறிவியலும் இருக்கிறது!

வெள்ளைச் சதை ஏன்?

கிழங்கான், கொடுவா, சங்கரா ஆகிய மீன்களைப் பார்த்திருப்பீர்கள். சங்கராவின் தோல்தான் சிவப்பு. உள்ளே சதை வெள்ளை. கடைகளில் முள் நீக்கி, உறைய வைத்து விற்கும் பாசா மீனும் வெள்ளைதான். அது வியட்நாம் பக்கம் ஓடும் மேகாங் ஆற்றைச் சேர்ந்த கெளுத்தி இனம். ஆனால், சூரை மீனின் சதை கருஞ்சிவப்பாக இருக்கும். ஏன் இந்த வித்தியாசம்?

சூரை மீன் ஓயாமல் நீந்திக்கொண்டே இருக்கும். நெடுந்தூர ஓட்டக்காரரைப் போல! அதன் தசைக்கு எப்போதும் ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் 'மயோகுளோபின்' என்ற சிவப்புப் பொருள் அந்தத் தசையில் நிறைய இருக்கிறது. கொடுவாவோ ஓர் இடத்தில் பதுங்கியிருந்து, இரை அருகே வந்ததும் சட்டென்று பாய்ந்து பிடிக்கும். இது நூறு மீட்டர் ஓட்டக்காரர் மாதிரி. இந்தத் திடீர்ப் பாய்ச்சலுக்கு உதவுவது வெள்ளைத் தசை.

இன்னொரு செய்தியும் உண்டு. மத்தி, அயிலை மீன்களின் சதையிலேயே எண்ணெய் ஊறிக் கிடக்கும். அதனால் அவற்றுக்குத் தனி வாசனை, தனி ருசி. வெள்ளைச் சதை மீன்கள் பலவற்றின் சதையில் கொழுப்பு மிகக் குறைவு. 'காட்' என்ற குளிர்க்கடல் மீன், தன் எண்ணெயைச் சதையில் வைக்காமல் கல்லீரலில் சேர்த்து வைக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் பொன்னிற மீன் எண்ணெய் மாத்திரையைப் பார்த்திருக்கிறீர்களா? காட் மீனின் கல்லீரல் எண்ணெயிலும் அப்படி மாத்திரை செய்கிறார்கள்.

ஆக, வெள்ளை மீன் சப்பென்று இருப்பது அதன் குற்றம் இல்லை. அது எழுதாத வெள்ளைத்தாள் மாதிரி. நாம் என்ன எழுதுகிறோமோ, அதுதான் அதன் ருசி!

மூக்கும் சாப்பிடுகிறது!

ஒரு சின்னச் சோதனை செய்வோமா? ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டுச் சப்புங்கள். இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் மட்டும்தான் தெரியும். இப்போது மூக்கை விடுங்கள். சட்டென்று ஆரஞ்சு மணம் வந்துவிடும்!

நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும் பங்கு மூக்கினுடையது. சளி பிடித்தால் சாப்பாடு பிடிக்காமல் போவது இதனால்தான். அப்படியானால் மீனுக்கு உப்பும் காரமும் மட்டும் போதாது. நல்ல மணமும் வேண்டும். இந்த வேலையைச் செய்யும் ஐந்து தோழர்களைப் பார்ப்போம்.

1. உப்பு: மீனில் உப்பும் மஞ்சளும் தடவிக் கால் மணி நேரம் வைத்தால், உப்பு மேலே இருக்கும் நீரை வெளியே இழுக்கும், தானும் மெல்லச் சதைக்குள் போகும். சதை சற்றுக் கெட்டிப்படும். வாணலியில் உடையாது. கடைசியில் மேலே தூவிய உப்பு நாக்கில் மட்டும் கரிக்கும். முன்னதாகத் தடவிய உப்போ துண்டு முழுதும் பரவும்.

2. புளிப்பு: கடல் மீன்கள் உப்பு நீரில் வாழ்கின்றன அல்லவா? அதைச் சமாளிக்க அவற்றின் உடலில் ஒரு பொருள் இருக்கிறது. மீன் இறந்த பிறகு பாக்டீரியாக்கள் அதை 'ட்ரைமெத்திலமைன்' என்ற வேறொரு பொருளாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைக்கும் மீன் வாடை அதுதான்! புளி, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றில் அமிலம் இருக்கிறது. அந்த அமிலம் ட்ரைமெத்திலமைனுடன் சேர்ந்து, அதைக் காற்றில் பறக்க விடாமல் பிடித்து வைக்கிறது. வாடை அடங்கிவிடும். குளத்து மீனில் சில சமயம் வீசும் மண் வாசனையையும் புளிப்பு குறைக்கும். மழை பெய்ததும் மண்ணிலிருந்து வருகிறதே, அதே 'ஜியோஸ்மின்'தான் இந்த மண் வாசனைக்கும் காரணம்.

3. எண்ணெய்: ஒரு தம்ளரில் தண்ணீரும், இன்னொன்றில் எண்ணெயும் எடுத்து, இரண்டிலும் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள் போட்டுக் கலக்கி, சிறிது நேரம் வையுங்கள். எண்ணெய் நன்றாகச் சிவந்திருக்கும். மிளகாயின் நிறமும் காரமும், மஞ்சளின் நிறமும் எண்ணெயில்தான் நன்கு கரையும். வெள்ளை மீனில் கொழுப்பு குறைவு என்பதால், மசாலாவின் மணத்தைச் சுமந்து செல்ல நாம் எண்ணெய் கொடுக்கிறோம். மசாலாவில் ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் கலந்து தடவிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்!

4. சூடு: வறுத்த மீனின் முறுகல் மணம் வாயில் எச்சில் ஊற வைக்கிறது அல்லவா? புரதமும் சர்க்கரைப் பொருளும் நல்ல சூட்டில் சேர்ந்து, பொன்னிறமாக மாறி, நூற்றுக்கணக்கான மணங்களை உண்டாக்குகின்றன. இதை 1912-ல் விளக்கியவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி மய்யார். இது வேகமாக நடக்க ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். மீன் ஈரமாக இருந்தால் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை விரட்டவே செலவாகும். மீன் வறுபடாமல் வெந்து போகும். எனவே, மீனை வறுக்கும் முன் ஈரத்தை ஒற்றி எடுப்பது மிக முக்கியம்.

5. தக்காளி: இது என்ன புதுத் தோழர் என்கிறீர்களா? 1908-ல் ஜப்பான் விஞ்ஞானி இகேதா, கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்து 'உமாமி' என்ற சுவையைக் கண்டறிந்தார். அதைத் தருவது 'குளுட்டமேட்'. பழுத்த தக்காளியில் அது உண்டு. 1913-ல் அவருடைய சீடர் கொடாமா, நம் மாசிக் கருவாட்டைப் போன்ற ஜப்பானியக் கருவாட்டிலிருந்து உமாமி தரும் இன்னொரு பொருளைக் கண்டுபிடித்தார். தக்காளியில் உள்ளதும் மீனில் உள்ளதும் சேர்ந்தால் சுவை பல மடங்கு கூடும். தக்காளி போட்ட மீன் குழம்பு ஏன் ருசிக்கிறது என்று இப்போது புரிகிறதா? இந்த விஞ்ஞானிகள் பிறக்கும் முன்பே நம் பாட்டிகள் குழம்பு வைத்துவிட்டார்கள்!

முதலில் மீனைப் பாருங்கள்

எந்த மசாலாவும் கெட்டுப்போன மீனை நல்ல மீனாக்காது. கடையில் பெரியவர்களோடு நின்று நீங்களே சோதித்துப் பாருங்கள். கண் பளபளப்பாகச் சற்றுப் புடைத்திருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை மீண்டும் எழ வேண்டும். கடல் காற்று மணம் இருக்கலாம். அழுகிய வாடை கூடாது. வாடை வந்தால், "காரம் கூட்டிச் சமைத்துவிடலாம்" என்று நினைக்காமல், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கெட்ட மீனால் வயிறு மட்டும் இல்லை, உயிருக்கே ஆபத்து வரலாம்.

செய்து பார்ப்போமா?

(அடுப்பு வேலை பெரியவர்களுடையது. அரைப்பது, தடவுவது, நேரம் பார்ப்பது உங்களுடையது. சமையல் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்!)

தேவையானவை: முள் குறைந்த வெள்ளை மீன் துண்டுகள் அரை கிலோ, உப்பு 1 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித்தூள் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, சின்ன வெங்காயம் 6, பூண்டு 5 பல், இஞ்சி சிறு துண்டு, சிறிய தக்காளி பாதி, கெட்டிப் புளிக்கரைசல் 1 தேக்கரண்டி, அரிசி மாவு 1 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை 2 கொத்து, எண்ணெய் 4 மேசைக்கரண்டி.

செய்முறை:

முதலில் மீனைக் கழுவி, தண்ணீரை வடியுங்கள். உப்பு, மஞ்சள்தூள் தடவி 15 நிமிடம் வையுங்கள்.

அதற்குள் வெங்காயம், பூண்டு, இஞ்சி, சோம்பு, தக்காளியைத் தண்ணீர் விடாமல் அரையுங்கள். அதில் தூள்கள், புளிக்கரைசல், அரிசி மாவு, 1 தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துக் குழையுங்கள். மசாலா கெட்டியாக இருக்க வேண்டும், ஒழுகக் கூடாது.

மீனில் கசிந்திருக்கும் நீரைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். மசாலாவை மெல்லிதாகப் பூசி 20 நிமிடம் ஊற விடுங்கள். அதிக நேரம் ஊறினால் புளிப்பில் சதை குழைந்துவிடும்.

தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, காய்ந்ததும் கறிவேப்பிலையைப் பரப்பி, அதன் மேல் மீன் துண்டுகளை வைக்கச் சொல்லுங்கள். மிதமான தீயில் 3 அல்லது 4 நிமிடம் அதைத் தொடவே கூடாது! அவசரப்பட்டுத் திருப்பினால் மசாலா கல்லில் ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்கம் முறுகியதும் மீன் தானே கல்லை விட்டு எழும்பும். அப்போது திருப்பி, மறுபக்கமும் வேக விட வேண்டும்.

வெந்ததை எப்படி அறிவது? பச்சை மீன் சதை கண்ணாடி போல இருக்கும். வெந்ததும் பால் வெள்ளையாகி, இதழ் இதழாகப் பிரியும். உடனே இறக்கிவிட வேண்டும். ஆட்டுக்கறி போல மீனுக்கு நீண்ட நேரம் வேண்டாம். தசைகளை இணைக்கும் பொருள் மீனில் குறைவு. அது குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். அதிகம் வெந்தால் நீரெல்லாம் வெளியேறி, சதை பஞ்சு போல வறண்டுவிடும். மீன் சப்பென்று போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்!

ஊருக்கு ஊர் ஒரு வழி

கேரளத்தில் மீன் குழம்புக்குக் குடம்புளி போடுகிறார்கள். மசாலா தடவிய கரிமீனை வாழை இலையில் பொதிந்து கல்லில் வாட்டுகிறார்கள். வங்காளத்தில் கடுகை அரைத்துத் தடவி, இலையில் மடித்து வேக வைக்கிறார்கள். கடுகு முழுதாக இருக்கும்போது சாதுவாக இருக்கும். தண்ணீர் விட்டு அரைத்தால்தான் மூக்கில் ஏறும் காரம் பிறக்கும். இங்கிலாந்தில் மாவில் தோய்த்துப் பொரித்த காட் மீனில் வினிகர் தெளிக்கிறார்கள். தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றிலேயே ஊற வைத்து, 'செவிச்சே' என்ற பெயரில் சாப்பிடுகிறார்கள்! கவனித்தீர்களா? பெரும்பாலான இடங்களில் ஏதோ ஒரு புளிப்பு வந்துவிடுகிறது.

இன்னொரு வியப்பு! மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1498-ல் வாஸ்கோடகாமா இந்தியா வந்த பிறகு, போர்ச்சுக்கீசியர் மூலம்தான் மிளகாய் இங்கே வந்தது. அதற்கு முன் நம்மவர்கள் காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள். ஆகவே, மிளகாய் ஒத்துக்கொள்ளாத தாத்தா பாட்டிக்கு மிளகும் சீரகமும் பூசி இரண்டு துண்டு தனியே வறுத்துக் கொடுங்கள். அதுவும் பழைய, அருமையான ருசிதான்.

சாப்பிடும்போது...

பேசிக்கொண்டும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டும் மீன் சாப்பிடக் கூடாது. முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு உண்ணுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு நீங்களே முள் எடுத்துக் கொடுங்கள். முள் தொண்டையில் சிக்கினால் மறைக்காமல் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். மீன் சாப்பிட்டால் உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ வருபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

மீன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளே, உங்களுக்கும் இந்தப் பாடம் உதவும். சேனைக்கிழங்கு, வாழைக்காய், பன்னீர் எல்லாமே ஏறக்குறைய எழுதாத வெள்ளைத்தாள்கள்தான். அதே உப்பு, அதே புளிப்பு, அதே எண்ணெய், அதே சூடு!

அடுத்த முறை வீட்டில் மீன் சமைக்கும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். ஒரு துண்டை ஈரம் ஒற்றாமலும், இன்னொன்றை ஒற்றி எடுத்தும் வறுக்கச் சொல்லுங்கள். எது நன்றாக முறுகியது, எது கல்லில் ஒட்டியது என்று எழுதி வையுங்கள். அடுப்படியும் ஓர் ஆய்வுக்கூடம்தான். இந்த ஆய்வின் முடிவை உடனே சாப்பிட்டும் பார்க்கலாம்!