மருத்துவிச்சியும் மருத்துவமாதும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை மாலுமிகள் போற்றுவர். கொட்டியாரக்குடாவின் தென்கரையிலே, மூதூரிலும் அதற்கப்பாலுள்ள சிற்றூர்களிலும், பேறுகால நோவுற்ற பெண்ணுக்கோ அந்நீர்ப்பரப்பு பெருந்தடையாகவே இருந்தது. நகரத்து வைத்தியசாலைக்குத் தோணியிலோ விசைப்படகிலோ குடாவைக் கடந்து செல்லவேண்டும். கிண்ணியாவில் பாலம் திறக்கப்பட்டதும் 2009ஆம் ஆண்டிலேதான். அதுவரை 'பாதை' என்று ஊரவர் வழங்கும் மிதவையே துணை. ஆதலின் அவ்வேளையில் அருகில் இருப்பவள் யார், அவள் என்ன கற்றவள் என்பது உயிரைப் பற்றிய வினாவாயிற்று.

பழைய மருத்துவிச்சி தாயிடமோ மாமியிடமோ கண்டு பயின்றவள். ஏடும் இல்லை, தேர்வும் இல்லை. பிள்ளையின் கிடையைக் கைத்தடவலால் அறிவாள். பிரசவத்தின் பின்னும் நாட்கணக்காக உடனிருந்து பத்தியம் பார்ப்பாள். இப்பரிவை எந்தப் பள்ளியும் கற்பிப்பதில்லை. ஆயினும் கொதிநீரிலிடாத கத்தியால் கொப்பூழ்க்கொடியை அறுத்தமையால் ஏற்புவலி கண்டு மாண்ட மகவுகள் பல. நஞ்சுக்கொடி விழுந்தபின் குருதி பெருகினால் அவளால் செய்யக்கூடியது சிறிதே.

முறையான கல்வி இத்தீவில் படிப்படியாகவே வந்தது. மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் கிறீன் மகப்பேற்று நூலொன்றை 1857இல் தமிழாக்கி வெளியிட்டார். கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி 1879இல் திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றியது. மருத்துவமாது நோயாளியை எதிர்பார்த்திராமல், தானே வீடு தேடிச் செல்லும் வழக்கம் அங்கிருந்து பரவிற்று. 1927ஆம் ஆண்டின் வைத்தியக் கட்டளைச் சட்டம் மருத்துவமாதரைப் பதிவு செய்ய வழிவகுத்தது.

இன்று வைத்தியசாலைப் பிரசவ அறையில் பணிபுரிபவர் ஒருவகையினர். ஊரில் பணிபுரியும் குடும்பநல மருத்துவமாது மற்றொரு வகையினர். பின்னவரின் பயிற்சி ஒன்றரை ஆண்டு: ஓராண்டு பயிற்சிப் பாடசாலையில், ஆறு திங்கள் ஊர்ப்புறத்தில். பின்னர் ஏறத்தாழ மூவாயிரம் முதல் ஐயாயிரம் மக்கள் வாழும் பகுதி ஒன்று அவர் பொறுப்பாகும். கருவுற்றவரைப் பதிவுசெய்து, சோகையும் கால்வீக்கமும் உண்டோ எனக் கவனித்து, குருதியழுத்தம் பார்க்கும் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் செல்வது அவர் கடமை. ஆபத்துக்குரியவரை வேதனை தொடங்குமுன்பே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதே இதன் பெரும்பயன். நள்ளிரவில் தோணி தேட நேராது.

1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950 அளவில் அது ஏறத்தாழ 550 ஆயிற்று. மலேரியா ஒழிப்பும் புதிய மருந்துகளும் குருதி ஏற்றலும் இதற்கு உதவின என்பதை மறத்தலாகாது.

போர்க்காலத்தில் வழிகள் அடைபட்டபோது சில சிற்றூர்கள் மீண்டும் பழைய மருத்துவிச்சியையே நாடின. இப்போது ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. தாய் வீடு திரும்பியதும், முதற் பத்து நாட்களுள் இருமுறையேனும் மருத்துவமாது வந்து, காய்ச்சல் உண்டோ, உதிரப்போக்கு மிகுதியோ, பிள்ளை பால் குடிக்கின்றதோ என்று பார்த்துச் செல்கிறார்.