வாடகை அறைக்கும் பசுமைச் சான்றிதழா?

கொட்டாஞ்சேனையில், ஜெம்பட்டா வீதிப் பக்கம் அறை தேடி அலைந்த அனுபவம் எம்மவரில் பலருக்கு உண்டு. முற்பணம் எவ்வளவு, மாத வாடகை எவ்வளவு, கரண்ட் பில் யார் கட்டுவது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பைப் கசிந்தால் மாற்றுவது யார், கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் அறை கிடைக்காது என்ற பயம்.

இதே கேள்விகள்தான் இன்று 'பசுமைக் கட்டிடச் சான்றிதழ்' என்ற பெயரில் வருகின்றன. இது கம்பனிக்காரர் விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இடம்பெயர்ந்த குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் தையல் கூடத்திடமும் வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஒருநாள் இதைக் கேட்கலாம்.

மின்சாரம், தண்ணீர், காற்று, வெளிச்சம், குப்பை ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். அமெரிக்காவின் லீட் முறையில் மொத்தம் 110 புள்ளி. சான்றிதழுக்கு 40 வேண்டும், பிளாட்டினத்துக்கு 80. இலங்கைப் பசுமைக் கட்டிடப் பேரவைக்கும் சொந்த முறை உண்டு. புதுக் கட்டிடம்தான் வேண்டும் என்றில்லை. சீதுவையில் பிரண்டிக்ஸ் நிறுவனம் தனது பழைய ஆடைத் தொழிற்சாலையைத் திருத்தியே 2008 இல் லீட் பிளாட்டினம் பெற்றது.

லீட் முறையில் வாடகைக்காரர் தமது பகுதியை மாத்திரம் பதியலாம். குறைந்தது 250 சதுர அடி இருந்தால் போதும், பத்தடிக்கு இருபத்தைந்தடி. ஆனால் இடம் நிலையானதாக இருக்கவேண்டும், இடம் மாற்றக்கூடியது சேராது. கூடாரத்தில் வருடக்கணக்காக இருந்தவர்களுக்கு இந்த நிபந்தனை சிரிப்பைத்தான் தரும்.

சிக்கல் வருவது பல கட்டிடங்களில் இடம் எடுத்தவர்களுக்கு. ஒரு சங்கத்துக்கு ஒரு வீதியில் அலுவலகம், அடுத்த வீதியில் களஞ்சியம், இன்னொரு மாடியில் தையல் மெஷின்கள் என்று வைத்துக்கொள்வோம். சங்கம் ஒன்றுதானே, விண்ணப்பமும் ஒன்றுதானே என்று நினைப்போம். அப்படியல்ல. ஒரே வளவுக்குள் பல கட்டிடங்கள் இருந்தால், பொதுவான விபரங்களை ஒருமுறை கொடுத்துவிட்டு ஒவ்வொன்றையும் அதனோடு இணைக்க வழி உண்டு. வேறு வேறு வீதி, வேறு வேறு வீட்டுக்காரர் என்றால் ஒவ்வொரு இடமும் தனிப் பதிவு, தனிக் கட்டணம், தனிக் கணக்கு. ஆகவே மூன்றையும் ஒன்றாகப் பதியப் போய்ப் பணத்தைக் கரைக்காமல், ஆட்கள் அதிகம் வேலை செய்யும் ஓரிடத்தை முதலில் பதிவதே புத்தி என்பது எமது எண்ணம்.

அதற்கும் முதல் வேலை மீற்றர். பழைய வீட்டைப் பலகையால் பிரித்து நாலு பேருக்குக் கொடுத்திருக்கும் இடத்தில் ஒரே மீற்றர்தான் ஓடும். பக்கத்து அறைக்காரரின் அயன்பொக்ஸும் உங்கள் கணக்கில் சேர்ந்தால், எதைச் சேமித்தீர்கள் என்று எப்படிக் காட்டுவது? கிளை மீற்றர் போடாமல் விண்ணப்பத்தை எடுக்கவே வேண்டாம்.

குத்தகைக் காணி செய்தவர்களுக்கு மிச்சத்தை விளக்கத் தேவையில்லை. அடுத்த போகம் நமக்கு உண்டோ என்று தெரியாத வயலில் யார் வரம்பு கட்டுவார், யார் எரு போடுவார்? 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்கு நிலத்தில் பாதுகாப்புத் தர முயன்றதும் அதனால்தான். வாடகை அறையும் அப்படியே. நல்ல விளக்கு, தண்ணீர் சிக்கனமான குழாய் எல்லாம் நமது காசில் பூட்டி, அடுத்த வருடம் வீட்டுக்காரர் எழும்பச் சொன்னால் பலன் அவருக்கு.

லீடின் 2009 ஆம் ஆண்டு முறையில், பத்து வருடம் ஒரே இடத்தில் இருப்பதாக வாடகைக்காரர் ஒப்பந்தம் செய்தால் அதற்கே புள்ளி இருந்தது. பத்து வருடம்! வாழ்நாளில் எத்தனை தடவை மூட்டை கட்டினோம் என்று எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய சொல். ஒப்பந்தம் எழுதும்போது ஐந்து வருடமாவது கேளுங்கள். கிளை மீற்றர், பைப் திருத்தம், நாம் பூட்டியதைக் கழற்றிக்கொண்டு போகும் உரிமை ஆகியவற்றையும் எழுத்தில் வாங்கி, நொத்தாரிசிடம் ஒப்பம் வைத்த பிறகு முற்பணத்தைக் கொடுங்கள்.