பாடசாலைக்குப் பின்னர் எங்கே?

அறிவாற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பாடசாலைகளிலுள்ள விசேட கல்வி அலகு ஓரளவேனும் இடமளிக்கிறது. பாடசாலைக் காலம் முடிந்ததும் வீட்டு மூலையே அப்பிள்ளைக்கு உலகமாகிவிடுகிறது. தமக்குப் பின்னர் யார் பார்ப்பார் என்ற கவலையுடனேயே பெற்றோர் முதுமையடைகின்றனர்.

இதற்கு ஒரு விடையாகவே பண்ணைசார் பகல்நேரப் பராமரிப்பு பல நாடுகளில் வளர்ந்துள்ளது. நாஸிகளிடமிருந்து தப்பிய ஒஸ்திரிய மருத்துவர் கார்ல் கோனிக் 1940 இல் ஸ்கொட்லாந்தில் தொடங்கிய கேம்ப்ஹில் இயக்கம், தோட்ட வேலையை இத்தகையோரின் அன்றாட வாழ்வில் இணைத்தது. நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பராமரிப்புப் பண்ணைகள் உள்ளன. பலர் காலையில் சென்று மாலையில் வீடு திரும்புகின்றனர். தமிழகத்தின் விழுப்புரம் மாவட்டத்தில், 2013 இல் உருவான சிருஷ்டி அமைப்பு பண்ணைக் கிராமமொன்றை அமைத்துள்ளது.

பண்ணை வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்கலாம் என்பதே இதன் அனுகூலம். வாசனைத் திரவியத் தோட்டங்கள் நிறைந்த மாத்தளை மாவட்டத்தின் நாலந்தா போன்ற இடங்களுக்கு இது நன்கு பொருந்தும். மிளகைப் பறித்தல், மணிகளை உதிர்த்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் யாவும் தனித்தனி வேலைகள். எழுத்தறியாதவரும் அவற்றில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து தேர்ச்சி பெறலாம்.

எனினும், பராமரிப்பு என்ற பெயரில் கூலியில்லா உழைப்பைப் பெறும் இடமாகப் பண்ணை மாறிவிடக்கூடாது. பயிற்றப்பட்ட மேற்பார்வையாளர், போக்குவரத்து வசதி, வருமானத்தில் பங்கு, விரும்பாத வேலையை மறுக்கும் உரிமை ஆகியன இன்றியமையாதவை.

வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 இல் சட்டம் இயற்றிய இலங்கை, 2016 இல் ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. அவற்றுக்குச் செயல்வடிவம் கொடுப்பதே எஞ்சியுள்ளது. பிரதேச செயலகத்துடன் கோயில், பள்ளிவாசல் பரிபாலன சபைகளும் கைகோர்க்குமாயின், ஓர் ஏக்கர் நிலத்திலேனும் இதனைத் தொடங்க முடியும்.