பத்தாயிரம் பாட்டுக்கு எத்தனை கேசட்?

நாட்டுப்புறப் பாடகி விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் ராஜபாளையம் வட்டாரத்துக்காரர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரும் கணவர் நவநீதகிருஷ்ணனும் ஊர் ஊராகப் போய்த் திரட்டிய பாடல்கள் 10,000-க்கு மேல். இந்த எண்ணைக் கேட்டு வியந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

பாட்டுக்கு மூன்று நிமிடம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 10,000 பாட்டுக்கு 30,000 நிமிடம், அதாவது 500 மணி நேரம். 60 நிமிடக் கேசட்டில் பதிந்தால் 500 கேசட். கேசட்டின் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். ஒரு பக்கம் 30 நிமிடம் என்றால் உள்ளே சுற்றியிருப்பது ஏறத்தாழ 86 மீட்டர். 500 கேசட்டின் நாடாவையும் பிரித்து நீட்டினால் 43 கிலோமீட்டர் வரும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு தடவை போய்வரும் தூரம் அது.

இது பாட்டுக்கு மட்டுமான கணக்கு. நடவுப் பாட்டைத் திண்ணையில் உட்கார்ந்து பாடச் சொன்னால் பாதிப் பேருக்கு வராது. கை நாற்றைப் பிடித்தால்தான் வாயில் அடி எழும். தாலாட்டுக்குத் தொட்டில் ஆட வேண்டும், ஒப்பாரியைச் சாவு விழாத வீட்டில் பாடவே மாட்டார்கள். பேச்சு, சிரிப்பு, மறந்துபோய் மறுபடி தொடங்கியது எல்லாம் சேர்ந்தால் நாடா இரண்டு மூன்று மடங்கு ஆகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்று அதே 500 மணி நேரத்தை சிடி தரத்தில் ஏற்றினால் நிமிடத்துக்குப் பத்தரை எம்பிக்குச் சற்றுக் கூடுதல் வீதம் ஏறத்தாழ 318 ஜிபிதான். சட்டைப் பையில் போடும் ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும். ஆனால் பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்ற நேரத்தில் சலுகை கிடையாது. ஓடவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரம் ஒருவர் உட்கார்ந்தால் 100 நாள். டிஸ்க்கைவிட அந்த 100 நாள் கூலிதான் பெரிய செலவு, அதற்குத்தான் யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு பாட்டுக் கணக்கும் உண்டு. ஆண்டாள் பாடியது திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173. ஒன்றுகூடச் சிதறாமல் நமக்கு வந்து சேர்ந்தது. ஓதுவதற்கு நாளும் முறையும் இருந்தது ஒரு காரணம். பாடியவள் பெயர் பாட்டுக்குள்ளேயே இருந்தது இன்னொரு காரணம். திருப்பாவையின் 30-ஆவது பாசுரத்தில் தன் பெயர், ஊர், தந்தை மூன்றையும் கோதை சொல்லிவிடுகிறாள். வயலிலும் மில்லிலும் பாடிய பெண்களுக்கு அந்த முப்பதாவது பாட்டு வாய்க்கவில்லை.

சரி, இப்போது சொந்தமாகப் பாட்டுக் கட்டி மேடையேறும் ஒருவரின் வரவைப் பார்ப்போம். அம்மன் கோயில் கொடைகளும் பொங்கல் விழாக்களும் பங்குனி முதல் ஆடி வரை நெருக்கியடித்து வரும். ஒரே செவ்வாய்க்கிழமை நாலு ஊரில் அழைப்பு இருந்தாலும் ஒரு மேடையில்தான் நிற்க முடியும். மார்கழியில் கை சும்மா இருக்கும். மேடை நேரமும் சுருங்கிவிட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைக்க வேண்டும். நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. தூங்குகிறவர்களுக்கு அந்த விதி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இரவு ஒன்பதுக்குத் தொடங்கி விடியற்காலை ஐந்து வரை நடந்த கதைப்பாட்டுக்கு எட்டு மணி நேரம் இருந்தது. ஏழுக்குத் தொடங்கினால் இன்று மூன்று மணி நேரம். வில்லுப்பாட்டில் கிளைக்கதைகள் அப்படித்தான் உதிர்ந்தன.

ஆன்லைன் வரவுக்கும் வாசற்படி உயரம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடினால்தான் அந்தப் பதிவுக்கு ராயல்டி. யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நாலு நிமிடப் பாட்டு என்றால் முழுதாக 60,000 முறை ஓட வேண்டும். 2011 கணக்கெடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் நகரின் மக்கள்தொகை 75,000 சொச்சம். ஐந்தில் நாலு பேர் கடைசி வரை கேட்டால் சரியாக வரும்.

அரசு தரும் வரவு சிறியது, ஆனால் உறுதியானது. மாவட்டக் கலை மன்ற விருதுகள் வயதுவாரியாக ஐந்து. கலை இளமணிக்கு 4,000 ரூபாய், கலை முதுமணிக்கு 20,000. நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000. நாளுக்கு நூறு ரூபாய்கூட முழுசாக வராது. 2003-இல் ‘தூள்’ படத்தில் பாடித் தமிழ்நாடே அறிந்த பரவை முனியம்மாவுக்கே கடைசிக் காலத்தில் அரசு உதவி தேவைப்பட்டது. சினிமா ஏறினால் கஷ்டம் தீரும் என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

என்னை உறுத்துவது இந்தத் தொகைகளைவிட, காலியாகக் கிடக்கும் ஒரு கட்டம். பழைய கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே வேறெதையும் பதிய முடியாது. பாட்டைக் காக்க இவ்வளவு யோசித்தவர்கள், உள்ளே மடித்து வைத்த அட்டையில் ‘கிராமியப் பாடல்கள்’ என்று மட்டும் அச்சடித்து விட்டதை எத்தனை கேசட்டில் பார்த்திருக்கிறேன்! பாடிக் கொடுத்த அம்மாவின் பெயர் இல்லை, ஊர் இல்லை. பெயரை அச்சடிக்க ஒரு பைசா கூடுதலாக ஆகியிருக்காது.

பெயர் இருந்தால் அதற்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம், பாடுகிறவருக்குத் தனி உரிமை தந்தது. 1999-இல் அதன் காலம் 50 ஆண்டாயிற்று. பாட்டை வணிகமாகப் பயன்படுத்தினால் ராயல்டியில் பாடியவருக்குப் பங்கு என்று 2012 திருத்தம் சொல்கிறது. கட்டியவர் யாரென்று தெரியாத தாலாட்டானாலும் அதைப் பாடிய குரலுக்கு இந்த உரிமை உண்டு.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பல வீட்டு அலமாரிகளில் அந்தக் கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. இது யார் குரல் என்று சொல்லக்கூடிய அத்தையோ பெரியம்மாவோ இருக்கும்போதே அட்டையில் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பேனாவால் எழுதி வையுங்கள். 1996-இல் பாடிய பாட்டுக்கு 2046 டிசம்பர் வரை உரிமை இருக்கிறது. பெயரில்லாத அட்டையைக் காட்டி அதை யாரும் கேட்க முடியாது.