மறுப்பும் மரியாதையும்

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, தேயிலைச் சரிவுகளின் நடுவே, ஒன்பது வளைவுகளைக் கொண்ட புகையிரதப் பாலம் ஒன்று நிற்கிறது. அதைக் கட்டியவர் யார் என்று கேட்டால் கிடைக்கும் விடைகள் பலவாகும். அப்புஹாமி என்னும் உள்ளூர்க் கலைஞரே கட்டினார் என்பது ஊர்வழக்கு. ஆங்கிலேயப் பொறியியலாளரின் ஆக்கம் அது என்பர் வேறு சிலர். தேநீர்க் கடையில் இவ்விரு சாராரும் வாதிட்டுவிட்டு அவரவர் கொள்கையுடன் வீடு திரும்பலாம். ஆனால் அப்பாலத்தைப் பற்றிய ஒரே கட்டுரையை இருவரும் சேர்ந்து எழுதவேண்டி வந்தால் என்ன செய்வது?

பழைய கலைக்களஞ்சியங்களில் இத்தகைய இடர்ப்பாடு பெரிதாக எழவில்லை. 1902 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘அபிதான கோசம்’ ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் உழைப்பு. 1910 இல் வெளிவந்த ‘அபிதான சிந்தாமணி’ ஆ. சிங்காரவேலு முதலியாரின் உழைப்பு. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகளில் அறிஞர் பலர் எழுதினர். எனினும் இறுதி முடிவு தலைமைப் பதிப்பாசிரியரான பெ. தூரனின் மேசையிலேயே இருந்தது.

2001 இல் இணையத்தில் தோன்றிய விக்கிப்பீடியாவில் அத்தகைய மேசை கிடையாது. 2003 இல் அதன் தமிழ்ப் பதிப்பு தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் போன்றோர் தொடக்க நாள்களிலேயே அதனை வளர்க்க முன்வந்தனர். 2017 இல் கட்டுரைகளின் தொகை ஓர் இலட்சத்தை எட்டியது. எழுதுவோருக்கு ஊதியம் இல்லை. ஒருவர் எழுதியதை எவரும் திருத்தலாம். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் தமிழர், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே ஒரே பக்கத்தில் எழுதுகின்றனர். ஆகவே கருத்து வேற்றுமை அங்கே அன்றாட நிகழ்ச்சியாகும்.

சிறியதோர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ‘எல்ல’ என்பது அருவியைக் குறிக்கும் சிங்களச் சொல். இதனை அறியாத அயலூர் அன்பர் ஒருவர், எழுத்துப்பிழை என்று எண்ணி அதனை ‘எல்லை’ என்று திருத்திவிடக்கூடும். பதுளைக்காரர் ஒருவர் அதனைக் கண்டு வெகுண்டு, “தெரியாதவர்கள் ஏன் கை வைக்கிறார்கள்?” என்று எழுதலாம். அல்லது, சொல்லின் பொருளை விளக்கி, நிலையத்துப் பெயர்ப்பலகையையும் சான்று காட்டி, நன்றியுடன் முடிக்கலாம். முதல் விடை சொல்லைக் காப்பாற்றும், துணைவரை இழக்கும். இரண்டாவது விடை இரண்டையும் காப்பாற்றும்.

இதற்காகவே அங்கே சில மரபுகள் அமைந்துள்ளன. திருத்தியவர் நல்லெண்ணத்தோடுதான் திருத்தினார் என்று முதலில் கொள்ளவேண்டும். குறை கூறுவதாயின் எழுத்தைக் கூறலாம், எழுதியவரைக் கூறலாகாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடற் பக்கம் ஒன்று உண்டு. பொதுவான செய்திகளைப் பேசும் இடத்திற்குத் தமிழ் விக்கிப்பீடியர் ‘ஆலமரத்தடி’ என்று பெயரிட்டுள்ளனர். பழைய வடிவங்கள் யாவும் வரலாற்றுப் பக்கத்தில் எஞ்சியிருப்பதால், அழிந்துவிட்டதே என்று பதறவேண்டியதில்லை. மாறிமாறி அழித்தெழுதும் பூசலைத் தடுக்கவும் விதி உண்டு. ஆங்கிலப் பதிப்பில், 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தை மூன்று தடவைக்கு மேல் மீளமைப்பவர் தடுக்கப்படலாம்.

ஆனால் எல்லா வேற்றுமையும் எழுத்து வேற்றுமை அல்ல. ஊவாத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்களை எப்பெயரால் அழைப்பது? 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு ‘இந்தியத் தமிழர்’ என்றது. ‘இந்திய வம்சாவளித் தமிழர்’ என்பர் சிலர். ‘மலையகத் தமிழர்’ என்பதே தம் பெயர் என்பர் பலர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுட் பல இலட்சம் பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. இவ்வரலாற்றை அறிந்தோர், ‘இந்திய’ என்னும் அடைமொழி சிலர் நெஞ்சில் ஏன் தைக்கிறது என்பதை உணர்வர்.

இவ்விடத்தில் மரியாதை என்பது வாய்மூடி இருத்தல் அன்று. காயம்பட்டவரைப் பார்த்து, “அமைதியாகப் பேசு” என்று மட்டும் சொல்லி அவர் சொன்னதைக் கேளாதிருப்பதும் ஒருவகை அவமரியாதையே. நடுநிலைமை என்பது இரு கூற்றையும் கலந்து நீர்த்துப்போகச் செய்வதும் அன்று. எப்பெயரை யார், எப்போது, எக்காரணத்தால் வழங்கினர் என்பதைச் சான்றுடன் எழுதுவதே அதன் வழி. அவ்வாறு எழுதும்போது, சண்டைக்குரிய பொருளே அறிவுக்குரிய பொருளாகிவிடுகிறது. ஒன்பது வளைவுப் பாலத்திற்கும் இதுவே வழி: ஊர்வழக்கை ஊர்வழக்கு என்றும், ஆவணச் செய்தியை ஆவணச் செய்தி என்றும் பிரித்துரைத்தால் இரு சாராரும் ஒரே பக்கத்தில் இடம்பெறுவர்.

கடுஞ்சொல்லால் வரும் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. தோட்டப் பாடசாலை மாணவி ஒருத்தி, தன் ஊர்க் கோயிலையும் காமன் கூத்தையும் பற்றி முதன்முறையாகப் பத்து வரி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் பிழைகள் இருக்கும்; சான்றும் போதாதிருக்கும். ஒரு சொல்லும் விளக்காமல் அதனை நீக்கிவிட்டால் அவள் மீண்டும் வரமாட்டாள். எந்த நூலிலும் ஏறாத அவ்வூரின் செய்தி அவளோடு நின்றுவிடும். “இவ்வரிக்குச் சான்று தேவை, எங்கே தேடலாம் என்று சொல்கிறேன்” என்று ஒருவர் எழுதினால், அவள் தேடத் தொடங்குவாள். கலைக்களஞ்சியம் வளர்வது அந்தத் தேடலினால்தான்.