சூடான பார்சலும் மூளை நலமும்: ஹார்மோனைக் குழப்பும் ரசாயனங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கும், ஆவடி, பூந்தமல்லியில் பஸ் இறங்கி டிபன் வாங்கிப் போகிறவர்களுக்கும் பழகிய காட்சி இது: கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டித் தருவாங்க. "இதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கக்கூடும் என்கின்றன ஆய்வுகள்.

போலி மெசேஜ் போல

தைராய்டு, ஈஸ்ட்ரோஜன், இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் ரத்தத்தின் வழியே உறுப்புகளுக்குச் செய்தி கொண்டு போகின்றன. மூளைக்கும் அந்தச் செய்தி தேவை. வங்கி அனுப்பியது போலவே உங்கள் போனுக்குப் போலி எஸ்.எம்.எஸ். வருகிறதல்லவா? அதுபோல சில ரசாயனங்கள் ஹார்மோன் போல நடித்து உடலைக் குழப்பும். வேறு சில, அசல் செய்தி போய்ச் சேராமல் தடுக்கும்.

இவை எங்கே இருக்கின்றன?

• பி.பி.ஏ. எனப்படும் பிஸ்பீனால் ஏ: கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக், சில உணவு டின்களின் உள்பூச்சு, கடைகளில் தரும் சில பில் தாள்கள்.
• தாலேட்டுகள்: வளையும் பி.வி.சி. பொருட்கள், சில வாசனைப் பொருட்கள்.
• டையாக்சின், பி.சி.பி.: பிளாஸ்டிக், வயர் எரிக்கும் புகை; பழைய மின்சாதனங்கள்.

பார்சல் கவரில் என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. சூடும் எண்ணெயும் சேரும்போது பிளாஸ்டிக்கில் உள்ளவை உணவில் இறங்குவது அதிகமாகும்.

எது உறுதி, எது ஆய்வில் இருக்கிறது?

கர்ப்ப காலத்தில் தாய்க்குத் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். இது உறுதியானது. அதனால்தான் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

முதுமையில் வரும் அல்சைமர் போன்ற நோய்கள் பற்றி இன்னும் ஆராய்கிறார்கள். விலங்கு ஆய்வுகளில் பி.பி.ஏ. நினைவாற்றலைப் பாதித்தது தெரிந்தது. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், டி.டி.டி. பூச்சிக்கொல்லி சிதைந்து உருவாகும் டி.டி.இ. என்ற பொருள், அல்சைமர் நோயாளிகளின் ரத்தத்தில் மற்றவர்களைவிட 3.8 மடங்கு இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறது. இதுவே காரணம் என நிரூபிக்கவில்லை. ஆனாலும் 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பி.பி.ஏ.வுக்கான தினசரி பாதுகாப்பு அளவை 20,000 மடங்கு குறைத்தது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டுள்ளது. பிபி, சர்க்கரை, புகைப்பழக்கம், கவனிக்காத காது கேளாமை ஆகியவை இதற்கு நன்கு அறியப்பட்ட ஆபத்துக் காரணிகள். எனவே, "பிளாஸ்டிக்கை விட்டாச்சு, மாத்திரை வேண்டாம்" என்று நினைத்துவிடாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

• சாம்பார், ரசம், டீ வாங்க எவர்சில்வர் தூக்கு அல்லது பிளாஸ்க் எடுத்துச் செல்லுங்கள். வாழை இலைப் பார்சல் கேளுங்கள்.
• பிளாஸ்டிக் டப்பாவில் உணவை மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள்.
• பால் பாட்டிலில் பி.பி.ஏ. கூடாது என்பது இந்தியத் தர விதி. முத்திரை பார்த்து வாங்குங்கள்.
• செய்தித்தாளில் வடை, பஜ்ஜி மடிக்க வேண்டாம். மையில் ஈயம் உள்ளிட்டவை இருக்கலாம் என 2023-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்துள்ளது.
• குப்பை, பழைய வயர் எதையும் கொளுத்தாதீர்கள். சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் முறைசாரா மின்கழிவுக் கூடங்களின் மண்ணில் பி.சி.பி., டையாக்சின் இருப்பதை ஆய்வு காட்டியுள்ளது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் ரூ.5,000 அபராதம் என 2016-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

யாரிடம் சொல்லலாம்?

• அம்பத்தூரில் குப்பை எரிப்பு: சென்னை மாநகராட்சி 1913.
• ஆவடி, பூந்தமல்லி: மாநகராட்சி, நகராட்சி அலுவலகம், அல்லது முதல்வரின் உதவி மையம் 1100.
• உணவுக் கடை புகார்: உணவுப் பாதுகாப்புத் துறை வாட்ஸ்அப் 94440 42322. போட்டோ, கடையின் பெயர், இடம் சேர்த்து அனுப்புங்கள்.
• மருத்துவ ஆலோசனை: 104. முதியோர் உதவி: 14567.

வீட்டுப் பெரியவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, தெரிந்த தெருவில் வழி தடுமாறுகிறாரா? "வயசானா அப்படித்தான்" என்று விடாமல் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவாலும் மறதி வரலாம். அவை சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு.