கட்டம் பெரிதா, சிறிதா?

ஸ்காட்லாந்து ஆடவர் இடையில் உடுத்தும் 'கில்ட்' என்னும் கம்பளி உடையைப் படத்தில் கண்டால் நாம் முதலில் நோக்குவது வர்ணத்தைத்தான். அதிலுள்ள கட்டம் எவ்வளவு பெரியது என்று யாரும் பார்ப்பதில்லை. உடுத்தியவரின் தோற்றம் பாதிக்கு மேல் அதைப் பொறுத்தது என்பது நமது அபிப்பிராயம்.

'டார்ட்டன்' எனப்படும் அத்துணியில் பல நிறக் கோடுகள் ஒரு கிரமத்தில் அமைந்து, மீண்டும் மீண்டும் அவ்வாறே திரும்புகின்றன. ஒரு முழுச் சுற்றை 'செட்' என்பர். இன்ன நிறத்தில் இத்தனை இழை என்ற விகிதமே டார்ட்டனின் அடையாளம். விகிதம் கெடாதவரை, செட்டைப் பெருக்கினாலும் சுருக்கினாலும் பெயர் மாறாது. பார்வை மாறிவிடுகிறது.

இடையிலிருந்து முழங்கால் வரை 24 அங்குலம் என்று கொள்வோம். செட் 6 அங்குலமானால் மேலிருந்து கீழே நான்கு சுற்று விழும். 9 அங்குலமானால் மூன்றுகூட நிறையாது. நெடிய, பருத்த சரீரத்துக்கு அது கம்பீரம். குள்ளமானவரையோ கட்டமே விழுங்கிவிடும். 3 அங்குலமாகச் சுருக்கினாலோ, சற்றுத் தள்ளி நின்று பார்க்கையில் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்து மங்கல் நிறமாகிவிடும். சிவப்பும் கறுப்பும் மட்டுமே கொண்ட 'ராப் ராய்' இதைத் தாங்கும். கருநீலமும் கரும்பச்சையும் சேர்ந்த 'பிளாக் வாட்ச்' எவ்வளவு பெரிதானாலும் கண்ணை உறுத்தாது.

சூட்சுமமெல்லாம் பின்புறக் கொசுவத்தில் இருக்கிறது. முழுக் கில்ட்டுக்கு 8 கஜம் துணி. அதில் 5 கஜம், அதாவது 180 அங்குலம், கொசுவத்துக்கு என்று வைத்துக் கணக்கிடுவோம். மடிப்புக்கு ஒரு செட் வீதம் 6 அங்குலச் செட்டில் 30 மடிப்பு. 9 அங்குலத்தில் 20 மட்டுமே. மடிப்புக் குறைந்தால் ஒவ்வொன்றும் அகன்று தெரியவேண்டும். நடக்கையில் அந்த ஒய்யாரமான அசைவும் குன்றும். மிகச் சிறிய கட்டமானால் தையற்காரர் ஒரு மடிப்பில் இரண்டு செட்டை அடக்குவதுண்டு.

மலைநாட்டு உடையை ஆடவர் அணியலாகாதென்று பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1746-ல் சட்டம் செய்தது. பட்டாளத்தாருக்கு மட்டும் விலக்கு. மற்றவர் இரண்டாம் முறை பிடிபட்டால் ஏழாண்டு நாடு கடத்தல்! 1782-ல்தான் அத்தடை நீங்கியது. அத்தகைய உடையை இன்று மெல்லிய நூலில் நெய்து மலிவாக்குகிறார்கள். நூல் மெலிந்தால் அதே இழைக் கணக்குக்குக் கட்டமும் தானே சிறுத்துவிடும். துணியும் கனமாகத் தொங்காது. விவாகத்துக்கென்று தைத்து ஆயுள் முழுதும் வைத்திருக்கும் உடையில் இந்தச் சிக்கனம் நமக்குச் சம்மதமில்லை. உள்ளங்கையளவு மாதிரித் துண்டைப் பார்த்து மயங்காமல், ஒரு கஜத் துணியைச் சுவரில் தொங்கவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்கவேண்டும்.